ஈலியத்துக்குப் பிடித்த சளி

"உலகத்திலேயே ஆகக் குளிரான சாமான் ஒண்ணு பிரான்ஸ்ல இருக்கு. அதுக்குப் போன புதன்கிழமை சளி பிடிச்சிருச்சு. அங்க இருக்கிற விஞ்ஞானிங்க அத்தன பேரும் கைய விரிச்சுட்டாங்க. நான் இங்க கொட்டகலையில, தண்ணித் தாங்கி மேல ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டு, பதினோரே நிமிசத்துல அந்தச் சளிய எடுத்துவிட்டேன்."

அழகுமுத்து இதைச் சொல்ல ஆரம்பித்தபோதே சலூன்காரர் சிவசாமி கையிலிருந்த கத்தியை உயரத் தூக்கிக்கொண்டார். அனுபவம்தான் காரணம். அழகுமுத்து வாயைத் திறந்தால் நாற்காலியில் இருப்பவர் எந்த நேரமும் குலுங்கிச் சிரிக்கலாம். அப்போது கத்தி கன்னத்தில் இருக்கக் கூடாது. நாற்காலியில் முகம் நிறைய நுரையோடு இருந்த பஸ் கண்டக்டர் பழனியாண்டி, எதிர்பார்த்த இடத்திலேயே குலுங்கினார். நுரை கண்ணாடி வரைக்கும் தெறித்தது.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கென்று இரண்டு கிலோ கழிப்பார்கள். அழகுமுத்து பேசினால் முக்கால்வாசியைக் கழித்துவிட்டுத்தான் மிச்சத்தைக் காதில் வாங்குவது என்பது கொட்டகலை பஜாரின் வழக்கம். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருடம் கொழுந்து உருட்டும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர் அவர். அந்த இயந்திரத்தின் இரைச்சலை மீறிப் பேசிப் பேசியே தொண்டையும் பெரிதாகிவிட்டது, கதைகளும் பெரிதாகிவிட்டன. ஒரு மழைக்காலத்தில் அவருடைய செருப்பை அட்டைப்பூச்சி ஒன்று மாட்டிக்கொண்டு நடந்து போனதாகச் சொல்லியிருக்கிறார். தன் மீசையை நீட்டி அளந்தால் சிங்கமலை ரயில் சுரங்கத்தைவிட ஒரு முழம் கூட வரும் என்பதும் அவர் கணக்குத்தான்.

மீசை உண்மையிலேயே பெரியது. அதில் மட்டும் யாரும் எதையும் கழித்ததில்லை.

சலூனில் சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். பேரின்பநாயகம் சேர். இரண்டு வருடத்துக்கென்று சாவகச்சேரியிலிருந்து பௌதிகம் படிப்பிக்க வந்து, நாற்பது வருடமாகியும் திரும்பிப் போகாதவர். மற்றவர்கள் அழகுமுத்துவின் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவார்கள். சேர் அப்படி விடமாட்டார். அட்டைக்கு எத்தனையாம் இலக்கச் செருப்பு என்று கேட்பார். சுரங்கத்தை அளந்தது எந்த நாடாவால் என்று கேட்பார்.

இப்போதும் பத்திரிகையை நான்காக மடித்து மடியில் வைத்தார்.

"என்ன சாமான் எண்டு சொன்னீர்?"

"ஈலியம் சேர். திரவ ஈலியம்."

"அது கொதிக்கிறதே பூச்சியத்துக்குக் கீழை இருநூற்று அறுபத்தொன்பது பாகையிலை. அதுக்கு மூக்கு எங்கை ஐயா இருக்கு, சளி பிடிக்க?"

"மூக்கு இல்லாததுக்கே சளி பிடிச்சிருச்சுன்னா, எவ்வளவு மோசமான சளின்னு பாத்துக்கங்க."

பழனியாண்டி மறுபடி குலுங்கினார். சிவசாமி கத்தியை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தே விட்டார்.

கழிக்க வேண்டியதைக் கழித்துப் பார்த்தால் நடந்தது இதுதான்.

அழகுமுத்துவுக்கு ஒரே மகள், தனுஷிகா. கொட்டகலைப் பள்ளிக்கூடத்தில் பேரின்பநாயகம் சேரிடம் பௌதிகம் படித்து, பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கிருந்து கலாநிதிப் பட்ட ஆராய்ச்சிக்கு ஐரோப்பாவுக்குப் போனவள். பிரான்ஸில், ஒரு மலையடிவாரத்து நகரத்தில், அணு உலையிலிருந்து வருகிற நியூத்திரன்களைத் திரவ ஈலியத்தின்மேல் பாய்ச்சுவது அவள் வேலை. ஆவணியில் லீவுக்கு வந்திருந்தபோது அழகுமுத்து அதைப் பற்றி விசாரித்தார். இருவரும் மெயின் ரோட்டோரம் நின்றிருந்தார்கள். மூடுபனி. ஹட்டன் பஸ் ஒன்று விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது.

"அந்த லைட்டப் பாருங்கப்பா. பனியில பட்டு எல்லாப் பக்கமும் சிதறுதில்ல? எந்தப் பக்கம் எவ்வளவு சிதறுதுன்னு எண்ணிப் பாத்தா, பனித்துளி எவ்வளவு நெருக்கமா நிக்குதுன்னு கண்டுபிடிச்சிரலாம். நாங்க லைட்டுக்குப் பதிலா நியூத்திரன் அடிக்கிறோம். பனிக்குப் பதிலா ஈலியம்."

"லைட்டையே அடிச்சா என்ன, செலவு கம்மிதானே?"

"அணு ரொம்பப் பொடிசுப்பா, லைட்டுக்கு எட்டாது. நியூத்திரன் உள்ள போயி ஒவ்வொரு அணுவா தட்டிப் பாத்துட்டு வரும்."

"சரி, தட்டிப் பாத்து?"

"மத்த சாமானெல்லாம் குளிரக் குளிர ஒழுங்கா நெருங்கி நிக்கும். ஈலியம் மட்டும் ரெண்டு கெல்வின் சொச்சத்துக்குக் கீழ போனதும் இருந்த ஒழுங்கையும் கொஞ்சம் கலைச்சுக்கிட்டு நிக்குது. நூத்துக்கு நாலஞ்சு பங்கு வித்தியாசம்தான். அத நான் சரியா அளக்கணும்."

"காலையில பெரட்டுல வரிசையா நிக்கவச்சுட்டு கங்காணி முதுகத் திருப்புனதும் நம்ம ஆளுங்க நிப்பாங்களே, அது மாதிரி."

தனுஷிகா யோசித்துவிட்டு, "கிட்டத்தட்ட அதேதாம்பா," என்றாள். தான் பௌதிகம் பாஸ் என்று அழகுமுத்து அன்றே தீர்மானித்துவிட்டார்.

அந்த அளவெடுப்புக்கு அவளுக்குக் கிடைத்தது ஐந்து நாள். ஒன்றரை வருடம் வரிசையில் நின்று வாங்கிய ஐந்து நாள். அது வீணானால் அடுத்த தவணைக்கு இன்னொரு வருடம். அதற்குள் அவளுடைய புலமைப்பரிசில் முடிந்துவிடும். பட்டமில்லாமல் திரும்பி வர வேண்டியதுதான்.

அந்த ஐந்து நாளில் மூன்றாவது நாள்தான் போன புதன்கிழமை.

மத்தியானம் இரண்டு மணிக்குப் போன் அடித்தது. அழகுமுத்துவின் வீட்டில் சிக்னல் அறுபடாமல் கிடைக்கிற ஒரே இடம் பின்பக்கத் தண்ணித் தாங்கியின் மேல்தட்டு. பாசி பிடித்த சீமெந்து. அவர் ஏறி நின்றார். அக்கம்பக்கத்தில் வேறு ஆளில்லை. பக்கத்து லயத்து வீட்டு ஆடு ஒன்று மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தது.

"அம்மா இல்லையாப்பா?"

"ஹட்டனுக்கு மரக்கறி வாங்கப் போயிருக்கா. ஏன் தாயி, தொண்ட கம்மியிருக்கு?"

அவ்வளவுதான், அந்தப் பக்கம் அழுகை. அழுகைக்கு நடுவே விஷயம் துண்டு துண்டாக வந்தது. ஈலியத்தை ஊற்றுகிற அலுமினியப் பாத்திரம் ஒரு நீளக் கோலின் நுனியில் தொங்கும். முதலில் வெறும் பாத்திரத்தின்மேல் நியூத்திரனைப் பாய்ச்சி எண்ணிக்கொள்வார்கள். பிறகு ஈலியத்தை நிரப்பி எண்ணுவார்கள். இதிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது ஈலியம் மட்டும். ஆனால் கழித்த பிறகும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி எதுவோ கூடுதலாகச் சிதறிக்கொண்டிருந்தது. அவள் தேடுகிற நாலஞ்சு பங்கு வித்தியாசம் அதற்குள் மூழ்கிப்போயிற்று. பேராசிரியர் எங்கோ ஒழுகுகிறது என்றார், தேடினார்கள், ஒழுகவில்லை. உள்ளே நீர் உறைந்திருக்கும் என்றார் இன்னொருவர், அதுவும் இல்லை. இரண்டரை நாள் போய்விட்டது.

"ஈலியத்துக்கு என்னமோ சளி பிடிச்ச மாதிரி இருக்குப்பா. மூக்குல தண்ணியா ஊத்துது, எங்கருந்துன்னு தெரியல."

ஆக, சளி என்ற சொல்லும் அழகுமுத்துவின் சொந்தச் சரக்கில்லை. மகளுடையது. அதைப் பெரிதாக்கியது மட்டும்தான் அவர் வேலை.

"அழாத. இது கொழுந்து நிறுக்கிற கதைதானே," என்றார். "வெறுங்கூடய நிறுத்துக் கழிக்கிறீங்க. வெறுங்கூடய ஒழுங்கா நிறுத்தியா?"

"ரெண்டு தடவ நிறுத்தேன்பா. சுத்தமா இருந்திச்சு."

"அப்ப கூடை மேல குத்தமில்ல. நிறுத்ததுக்குப் பிறகு கூடைக்கு என்னமோ வந்து சேந்திருக்கு."

"வராதுப்பா! சுத்தி மூடியிருக்கு, காத்துகூட இல்ல."

"பக்கத்துல இருந்து வரலன்னா மேல இருந்து வந்திருக்கும். பாத்திரத்துக்கு மேல என்ன தொங்குது?"

பதில் வரவில்லை.

அந்த மௌனம் அழகுமுத்துவுக்கு நன்றாகத் தெரிந்த மௌனம். அவரே ஒரு காலத்தில் அப்படி நின்றிருக்கிறார். தோட்டத்துத் தொழிற்சாலைகளில் இயந்திரங்களைக் காப்பது ரோதமுனி. வருடப் பூசையன்று இயந்திரத்துக்குச் சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழம் கோத்த கயிறு கட்டுவார்கள். ஒரு வருடம் அழகுமுத்துதான் கட்டினார். கொழுந்தில் படாத உயரத்தில், இழுத்து இறுக்கித்தான் கட்டினார். இயந்திரம் காலையிலிருந்து அதிர அதிர, கயிறு ஒவ்வொரு அங்குலமாக இறங்கி, மத்தியானத்துக்குள் பழத்தோடு கொழுந்துக்குள் விழுந்து உருண்டுவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. மூன்று வாரம் கழித்துக் கொழும்பிலிருந்து தேயிலை ருசி பார்க்கிறவர் ஒரு கடிதம் போட்டார், உங்கள் தோட்டத்தில் எலுமிச்சை பயிரிடத் தொடங்கிவிட்டீர்களா என்று. தோட்டத்துத் தொரை அழகுமுத்துவைக் கூப்பிட்டு, "மேல என்ன கட்டின?" என்று கேட்டார். ஒரு சரக்குக் கோச்சி சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வருகிற நேரம் அழகுமுத்து வாயே திறக்கவில்லை.

"தனுஷி," என்றார் இப்போது. "என்ன கட்டின?"

"...நூலுப்பா."

"எங்க?"

"கோல்ல. நியூத்திரன் போற பாதைக்கு ஒரு சாண் மேல. அளந்து பாத்துத்தான் கட்டினேன். அங்க இருந்தா ஒரு பாதிப்பும் வராது."

"கட்டுனது கட்டுன எடத்துல இருக்காது தாயி. அங்க அதிர்ற மிசின் ஏதும் இருக்கா?"

"பம்ப் இருக்கு. ராவும் பகலும் ஓடுது." அப்படிச் சொன்னவள் சட்டென்று நிறுத்தினாள். பிறகு அவளாகவே வேகமாகப் பேசத் தொடங்கினாள். "நிரப்புறதுக்கு முன்னாடி இன்னும் குளிர வச்சோம். கோல் சுருங்கியிருக்கும். முடிச்சு தளர்ந்திருக்கும். பம்ப் அதிர... ஐயோ அப்பா! பருத்தி நூலு! பருத்தி முழுக்க ஐதரசன். ஐதரசன்ல பட்டா நியூத்திரன் கண்டபடி சிதறும்!"

"அப்ப எடுத்துப் போடு."

"கோல வெளிய எடுத்தா திரும்பக் குளிர வைக்க ஒரு நாள் போயிரும். அதுக்குப் பிறகு மிச்சம் ஒன்றரை நாள்தான். நூலு எறங்காம இருந்து, நான் வீணா எடுத்திருந்தேன்னா எல்லாம் முடிஞ்சிச்சு."

"எறங்கியிருக்கும். எலுமிச்சம்பழத்துல எனக்குப் பட்டம் இருக்கு."

"பேராசிரியர்கிட்ட என்னன்னு சொல்றது?"

"அப்பா சொன்னாருன்னு சொல்லு."

"உங்கள யாருன்னே அவருக்குத் தெரியாதேப்பா."

"அதனாலதான் சொல்லச் சொல்றேன். தெரிஞ்சவங்க யாரும் நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

அழுகைக்கு நடுவே அவள் சிரித்தது தாங்கி வரைக்கும் கேட்டது. அழகுமுத்து கடைசியாக ஒன்று கேட்டார். "நூலக் குடுத்தது யாரு?"

"கேக்காதீங்கப்பா. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கேன்."

கேட்பானேன், வேறு யார், அழகம்மாவாகத்தான் இருக்கும் என்று அழகுமுத்து முடிவு கட்டினார். அவர் மனைவி ஆடு இருமினால்கூட மாரியம்மன் கோயில் கயிறு கட்டுகிறவள்.

வியாழக்கிழமை மாலை வட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது: "எடுத்துட்டேன். இறங்கித்தான் இருந்தது. இப்ப சுத்தம்." ஞாயிற்றுக்கிழமை, அழகுமுத்து சலூனில்.

கதையைக் கேட்டு முடித்த பேரின்பநாயகம் சேர் கையை நீட்டினார். போனை வாங்கி அந்த வரியை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகவும் கீழாகவும் படித்தார்.

"எடுத்துட்டேன் எண்டுதானே கிடக்கு. எதை எடுத்தவள்? பல்லையோ?"

"கயித்த சேர்! எங்க வீட்டம்மா குடுத்த கயிறு. கிணத்துல தண்ணி எறைக்கிற கயிறு அளவுக்குத் தடிப்பு."

"கிணற்றுக் கயிற்றை ஒருத்தி நியூத்திரன் ஆய்வுகூடத்துக்குள்ளை கொண்டு போனவள், ஒருத்தரும் காணேல்லை. சரி. கட்டினது எப்பிடி ஐயா தன்பாட்டிலை இறங்கும்?"

அழகுமுத்து இந்தக் கேள்விக்காகத்தான் மூன்று நாளாகக் காத்திருந்தார். "கொட்டகலை ஸ்டேசன்ல தண்டவாளத்துக்கு எடையில எதுக்கு இடைவெளி விட்டிருக்காங்கன்னு எங்க பிள்ளைக்குப் படிப்பிச்சது யாருங்க சேர்?"

"நான்தான்."

"என்ன சொல்லிப் படிப்பிச்சீங்க?"

"வெயிலிலை விரியும், குளிரிலை..." சேர் அங்கேயே நின்றார்.

"சுருங்கும்!" என்று நாற்காலியிலிருந்து பழனியாண்டி முடித்துவைத்தார். அவரும் சேரிடம் படித்தவர்தான். மனதில் நின்றது இந்த ஒன்றுதான்.

நாற்பது வருடத்தில் முதல் தடவையாகப் பேரின்பநாயகம் சேர் பதில் சொல்லாமல் பத்திரிகையை விரித்தார். தலைகீழாக விரித்தார். அதற்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "வாயாலை சொல்லுறதெல்லாம் சாட்சி ஆகாது. மகள் தகப்பனுக்குப் பரிஞ்சு சொல்லுறதும் ஆகாது. எழுத்திலை வரட்டும், பாப்பம்."

"வரும் சேர். பிள்ள கட்டுரை எழுதுறா, உலகமே படிக்கிற சஞ்சிகையில வரப்போகுது. அதுல கயிறு, கொட்டகலை, அப்பா, இந்த மூணுல ஒரு வார்த்த இல்லேன்னா," அழகுமுத்து சூடாகி எழுந்து நின்றார், "இதே நாற்காலியில உக்காந்து என் மீசைய எடுத்துர்றேன்!"

வெளியே போன ஆட்டோகூட மெதுவாகப் போனது போலிருந்தது.

"மீசையை விடும் ஐயா," என்றார் சேர். வழக்கமான கிண்டல் அதில் இல்லை. "மீசை என்னத்துக்கு இதுக்குள்ளை."

"சொன்னது சொன்னதுதான். இருந்தா நீங்க இங்க நின்னு, அழகுமுத்து சொன்னது நடந்ததுன்னு சொல்லணும். இல்லேன்னா மீசை சிவசாமிக்கு."

"எனக்கு எதுக்குண்ணே அது, வைக்க எடமில்ல," என்றார் சிவசாமி.

அன்று வீட்டில் அழகம்மாவிடம் அந்தக் கயிற்றைப் பற்றிப் பேச்செடுத்தபோது அவள் கரண்டியோடு திரும்பினாள். "நான் எந்தக் கயித்தையும் குடுக்கல. குடுத்திருந்தா குடுத்தேன்னு ஊரெல்லாம் சொல்லியிருப்பேன். எம்மேல எதுக்குப் பழி?" அடக்கத்தில் மறைக்கிறாள் என்று அழகுமுத்து நினைத்துக்கொண்டார். அவருடைய மனைவியிடம் அப்படி ஒரு குணம் முப்பது வருடத்தில் இல்லை என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

கட்டுரை பங்குனியில் வந்தது. தனுஷிகா அனுப்பியதை ஹட்டனில் அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கல்யாணப் பத்திரிகை கொண்டுபோகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அழகுமுத்து சலூனுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை. விஷயம் தெரிந்து பஜாரில் பாதி வாசலில் நின்றது. மிச்சப் பாதி கோச்சி தாமதமானதால் வரவில்லை.

கட்டுரை ஆங்கிலம். சேர்தான் படித்தார். முதல் பக்கத்தில் தனுஷிகாவின் பெயரைக் கண்டதும் அதன்மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு வரி வரியாகப் போனார். ஈலியம் அவள் சொன்னது போலவே நடந்துகொண்டிருக்கிறது, ஒழுங்கு நூற்றுக்கு எத்தனை பங்கு குலைகிறது என்பதை அவள் அளந்துவிட்டாள், வரைபடம் கண்ணாடி மாதிரி சுத்தம் என்று சொன்னபோது அவர் குரல் ஏறியது. வாசலில் யாரோ கைதட்டினார்கள்.

"கயிறு எங்க சேர்?" என்றார் சிவசாமி.

சேர் நான்காம் பக்கத்தில் நின்றார். "'முதற்கட்ட அளவீடுகளின் பின், மாதிரிக் கோலிலே காணப்பட்ட அந்நியப் பொருள் அகற்றப்பட்டது.'"

"அந்நியப் பொருள்னா கயிறுதானே?"

"அது... எதுவும் ஆகலாம்."

"கொட்டகலை?"

"இல்லை."

"அப்பா?"

கடைசிப் பக்கத்து நன்றியுரையில் பேராசிரியர் இருந்தார், ஆய்வுகூடம் இருந்தது, பம்ப் பழுதுபார்ப்பவர்கூட இருந்தார். ஆராய்ச்சிக் கட்டுரையில் சாமிக் கயிற்றை எழுத அவளுக்கு வெட்கம். அப்பாவை எழுதினால் கயிற்றையும் எழுத வேண்டும். அழகுமுத்துவுக்கு அது புரிந்தது. புரிந்ததால் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

"பிள்ளைக்கு ஒரு போனப் போடுங்கண்ணே," என்றார் பழனியாண்டி. "உங்க வீட்டம்மா தான் குடுக்கலேங்குறாங்க. உண்மையில குடுத்தவங்க யாருன்னு பிள்ள சொன்னா, அந்த ஆள நேரா கூட்டியாந்து கேட்டுறலாம்ல. மீச தப்பிச்சிரும்."

"வேணாம்." அழகுமுத்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். "சொல்ல மாட்டேன்னு அது யாருக்கோ சத்தியம் பண்ணிருக்கு. நாலு மயிருக்காக எம்பிள்ள சத்தியத்த ஒடைக்க வேணாம். நீ எடு சிவசாமி."

நாலு மயிர் என்று அவர் வாயால் சொன்னதை நம்ப முடியாமல் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த மீசையைப் பற்றி அவர் குறைத்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

சிவசாமி துண்டைப் போர்த்தினார். நுரை தடவினார். எல்லாம் வழக்கத்தைவிட வேகமாக. இந்த வேலையைச் சீக்கிரம் முடிப்பது நல்லது என்று நினைத்திருக்கலாம். அழகுமுத்து கண்ணை மூடிக்கொண்டார். இடது பக்கத்து நுனியில் கத்தி பட்டது. சுருண்டு நின்ற கால் அங்குலம் துண்டின்மேல் விழுந்தது. வாசலில் நின்றவர்களில் ஒரு பெண் "அச்சச்சோ" என்றாள்.

"நிப்பாட்டு!"

பள்ளிக்கூட மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடியை நிறுத்துகிற குரல். சிவசாமியின் கத்தி அந்தரத்தில் நின்றது. பழனியாண்டி பழக்கதோஷத்தில் கைகட்டி நின்றார்.

பேரின்பநாயகம் சேர் எழுந்து நின்றிருந்தார்.

"அது கயிறில்லை," என்றார். "நூல். கறுப்பு நூல். மூண்டு முடிச்சு. கிணற்றுக் கயிறு எண்டு இந்த மனுசன் ஆறு மாசமா ஊரெல்லாம் சொல்லித் திரியுது, எனக்குக் கேக்கக் கேக்கப் பொறுக்கேல்லை."

அழகுமுத்து ஒரு கண்ணைத் திறந்தார். "முடிச்சு மூணுன்னு உங்களுக்கு எப்படி சேர்..."

"போட்டது நான்தானே ஐயா."

பழனியாண்டி கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

"ஆவணியிலை நல்லூர்த் திருவிழாவுக்குப் போனனான், சும்மா, வேடிக்கை பாக்க. திரும்பி வரேக்கை என்ரை கையிலை அந்த நூல் இருந்தது. தனுஷிகா பயணம் போற அண்டைக்கு ஸ்டேசனிலை வைச்சுக் குடுத்தன். ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது எண்டு சத்தியம் வாங்கினன். நாற்பது வருசம் பிள்ளையளுக்கு, கண்டதையும் நம்பாதையுங்கோ, காரணம் கேளுங்கோ எண்டு சொன்ன வாய் இது." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்னட்டைப் படிச்சதிலை அவ்வளவு தூரம் போன பிள்ளை அவள் ஒருத்தி. அவளுக்கு அங்கை ஏதும் பிழையாப் போனால் எண்டு ஒரு பயம் வந்திட்டுது. பயத்துக்குக் காரணம் கேக்க எனக்குத் தெரியேல்லை. கடைசியிலை எல்லாத்தையும் பிழையாக்கினதே என்ரை நூல்தான்."

அழகுமுத்து துண்டோடும் நுரையோடும் மெல்ல எழுந்தார். மீசை வலது பக்கம் சுரங்கத்துக்கும், இடது பக்கம் அதில் கால் அங்குலம் குறைவாகவும் நின்றது.

"அப்ப, ஈலியத்துக்குச் சளி பிடிக்க வச்சது நீங்க," என்றார். "எடுத்துவிட்டது நான்."

"ஓம்."

"அழகம்மாகிட்ட என்ன சொல்லப் போறேனோ. ஆறு மாசமா அவதான்னு சொல்லி... அத விடுங்க. சேர், நீங்க இப்ப சொன்னது உள்ள இருக்கிறவங்களுக்குத்தான் கேட்டுச்சு. பேச்சு என்ன, நின்னு சொல்றதுன்னுதானே?"

பேரின்பநாயகம் சேர் வாசற்படிக்கு வந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மெயின் ரோட்டையும் அதைத் தாண்டிய தேயிலை மலையையும் ஒரு வகுப்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"எல்லாரும் கேளுங்கோ. பிரான்ஸிலை ஈலியத்துக்குச் சளி பிடிச்சது. கொட்டகலையிலை இருந்துகொண்டு அழகுமுத்து அதை எடுத்துவிட்டது. நடந்தது."

"பதினோரு நிமிசம்," என்று பின்னாலிருந்து அழகுமுத்து எடுத்துக்கொடுத்தார்.

"பதினோரு நிமிசத்திலை."

"ஒத்தக் கால்ல."

சேர் திரும்பினார். கேள்வி அவர் உதடு வரைக்கும் வந்துவிட்டது. எந்தக் கால், யார் பார்த்தது என்று. துண்டின்மேல் கிடந்த அந்தக் கால் அங்குல மீசையைப் பார்த்தார்.

"ஓம்," என்றார். "ஒற்றைக் காலிலைதான் நிண்டது."